லாம்பெத் வொர்க்ஹவுஸில் பிறந்த முப்பாட்டனாரைத் தேடுவது எப்படி?

பின்னால் வாசிப்பவர்களுக்கும் உதவட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். போத்தனூரில் வேர்விட்ட ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். முப்பாட்டனார் பிரிட்டிஷ் படையில் பேண்ட் வாத்தியக்காரராக வந்தவர். 1889இல் பரங்கிமலையில் திருமணம் செய்துகொண்டார், அப்போது வயது 25. படையில் சேர்ந்த தாளில் பிறந்த இடம் ‘லாம்பெத்’ என்று இருக்கிறது. அவர் லண்டனில் ஒரு வொர்க்ஹவுஸில் பிறந்தார், தாயார் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். இணையத்தில் பெயரைப் போட்டால் அதே பெயரில் ஏராளமானவர்கள் வருகிறார்கள். இங்கிருந்தே வொர்க்ஹவுஸ், ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது: கிடைத்த ஆள் உங்கள் ஆள்தான் என்று எப்படி உறுதிசெய்வது? நான் எழுதப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

வொர்க்ஹவுஸ் என்பது பிழைக்க வழியில்லாதவர்களுக்கு அரசுச் சட்டப்படி நடத்தப்பட்ட விடுதி. உள்ளே தங்க இடமும் சாப்பாடும் உண்டு. பதிலுக்கு வேலை செய்ய வேண்டும், கணவன், மனைவி, பிள்ளைகள் தனித்தனிக் கட்டடங்களில் பிரிந்திருக்க வேண்டும். பழைய ஏழையர் சட்டக் காலத்திலேயே இவை இருந்தன என்றாலும், 1834ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் பாரிஷ்களை (தேவாலயப் பங்கு வட்டாரங்களை) சேர்த்து ஏறத்தாழ 600 யூனியன்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் ‘போர்டு ஆஃப் கார்டியன்ஸ்’ என்ற நிர்வாகக் குழு வைத்தார்கள். பதிவேடுகள் எல்லாம் அந்த போர்டின் சொத்து. 1930 ஏப்ரல் 1 வரை இந்த அமைப்பு நீடித்தது. பிறகு நிர்வாகம் மாவட்ட, மாநகர சபைகளுக்குப் போனது, 1948இல் பல கட்டடங்கள் அரசு ஆஸ்பத்திரிகளாயின. ஆகவே ‘லண்டன் வொர்க்ஹவுஸ்’ என்று ஒன்று கிடையாது. எந்த யூனியன், எந்த ஆண்டு என்ற இரண்டும் தெரிந்தால்தான் எந்தப் புத்தகத்தைத் திறப்பது என்று தெரியும். உங்கள் விஷயத்தில் ஒரு வசதி: லாம்பெத் பெரிய பாரிஷ் என்பதால் வேறு பாரிஷோடு சேராமல் தனியாகவே ஒரு போர்டு வைத்திருந்தது. ஒரு சிக்கலும் உண்டு: 1889 வரை லாம்பெத், சர்ரே மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனால் சில தாள்கள் லண்டனில் இல்லாமல் சர்ரே மாவட்ட ஆவணங்களோடு இருக்கும்.

லண்டனுக்குப் போவதற்கு முன் இந்தியப் பக்கத்தை இறுக்கிக் கட்டிவிடுங்கள். மதராஸ் மாகாணத் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன, ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் படமாகவே பார்க்கலாம். உங்களிடம் இருப்பது வெறும் தட்டச்சுக் குறிப்பு என்றால் அந்தப் படத்தைத் தேடி எடுங்கள். திருமணப் பதிவில் தந்தை பெயர்ப் பத்தி இருக்கும், சாட்சிகளின் பெயர்களும் இருக்கும். அடுத்தது படைத் தாள். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 97 என்ற வரிசை இது. 1883க்கு முன் படையை விட்டவர்களில் ஓய்வூதியம் பெற்றவர்களின் தாள்கள்தான் இதில் தங்கின. 1883 முதல் 1913 வரை, கெடு முடிந்து விலகியவர்கள், பணம் கட்டி விலகியவர்கள் தாள்களும் உண்டு. உங்கள் முப்பாட்டனார் விலகி ரயில்வேயில் சேர்ந்தவர் என்றால் அவருடையது முழுசாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதில் நெருங்கிய உறவினர் என்ற பத்தியைத் தவறாமல் பாருங்கள். ஒரு சகோதரி பெயரும் தெரு முகவரியும் இருந்தால், பின்னால் வரும் வேலையில் பாதி குறைந்துவிடும்.

வயதை நம்பாதீர்கள். சிறுவனாகச் சேர்ந்தவன் வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருப்பான், திருமணப் பதிவிலும் குத்துமதிப்பாகத்தான் எழுதுவார்கள். 1889இல் 25 என்ற கணக்கில் வரும் 1864 என்பதை 1861 முதல் 1867 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து, வேல்ஸில் 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, இறப்புப் பதிவு அரசிடம் இருக்கிறது. அந்தப் பதிவை வைத்திருக்கும் ஜெனரல் ரெஜிஸ்டர் ஆபீஸின் சொந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கித் தேடுவது இலவசம். அந்த அட்டவணையில் பிறப்புக்கு நேரே தாயின் பிறந்தகத்துக் குடும்பப்பெயர் இருக்கும். மணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளை என்றால் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு கோடுதான் இருக்கும். உங்கள் தேடலில் அந்தக் கோடு பொன்னானது. லாம்பெத் பதிவு வட்டத்தில், அந்த ஆண்டுகளில், அந்தப் பெயரில், கோடு போட்ட பிறப்புகளை மட்டும் எடுத்தால் பட்டியல் வெகுவாகச் சுருங்கும். ஆனாலும் மற்றவற்றைத் தூக்கி எறியாதீர்கள். வொர்க்ஹவுஸில் பிரசவித்தவர்களில் விதவைகளும் உண்டு, கணவன் கைவிட்டவர்களும் உண்டு.

அந்தப் பட்டியலில் பொருந்துகிறவருக்குப் பிறப்புச் சான்றிதழ் வரவழையுங்கள். அது வந்ததும் நான்கு இடங்களைப் படியுங்கள். பிறந்த இடம்: 1864இல் பிறந்திருந்தால் ‘வொர்க்ஹவுஸ்’ என்றே எழுதியிருப்பார்கள். 1904க்குப் பிறகுதான் பிள்ளையின் எதிர்காலத்துக்குக் களங்கம் வேண்டாம் என்று வெறும் தெரு முகவரி எழுதும்படி உத்தரவு வந்தது. லிவர்பூல் வொர்க்ஹவுஸில் பிறந்தவர்களுக்கு ‘144ஏ, பிரௌன்லோ ஹில்’ என்று எழுதியது இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம். இறப்புப் பதிவுகளுக்கு அந்த மரியாதை 1919 வாக்கில்தான் கிடைத்தது. தந்தை பெயர்: 1875 முதல், மணமாகாத தாய் என்றால் தந்தை தானே வந்து கையெழுத்திட்டால் மட்டுமே அவர் பெயரை எழுதலாம். தாயின் பெயரும் பிறந்தகத்துப் பெயரும் அடுத்தது. கடைசியாகத் தகவல் தந்தவர்: தாயே கைநாட்டு வைத்திருந்தால் அவர் பிழைத்திருந்தார் என்று பொருள். வேறொருவர் பதிவு செய்திருந்தால், தாய் பிரசவத்திலேயே இறந்தாரா என்று அதே மாத இறப்பு அட்டவணையையும் உடனே பாருங்கள்.

இப்போதுதான் வொர்க்ஹவுஸ் புத்தகங்கள். லண்டன் போர்டுகளின் பதிவேடுகள் கிளார்க்கன்வெல் பகுதியில் இருக்கும் ‘தி லண்டன் ஆர்க்கைவ்ஸ்’ காப்பகத்தில் உள்ளன. 2024 வரை அதன் பெயர் லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்க்கைவ்ஸ், பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயர்தான் இருக்கும். சேர்க்கை, வெளியேற்றப் பதிவேடுகளின் பெரும்பகுதி ஆன்செஸ்ட்ரி தளத்தில் படமாக இருக்கிறது. இவை நாள் வரிசையில் எழுதப்பட்டவை, பெயர் வரிசையில் அல்ல. பெயர்த் தேடல் பெட்டியை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். எழுத்தைத் தவறாகப் படித்து அட்டவணை செய்திருப்பார்கள், இல்லாவிட்டால் பல பக்கங்களுக்கு அட்டவணையே சரியாக இருக்காது. பெயர்ப் பெட்டியை விட்டுவிட்டு, லாம்பெத் என்ற பிரிவைத் திறந்து, ஆண்டு எழுதிய புத்தகத்தை எடுத்து, படம் படமாகத் திருப்புங்கள். பிறந்த நாள் தெரிந்துவிட்டதால் தேட வேண்டியது சில மாதங்கள்தான்.

பிறந்த நாளிலிருந்து பின்னோக்கி இரண்டு மூன்று மாதம் பாருங்கள். தாயின் சேர்க்கை அங்கே இருக்க வேண்டும். பெயர், தொழில், மதம், பிறந்த ஆண்டு, யார் உத்தரவில் சேர்ந்தார், எந்தப் பாரிஷ் செலவை ஏற்றது, உதவி கேட்கக் காரணம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் உண்டு. கர்ப்பம் என்றே காரணம் எழுதியிருப்பதும் சகஜம். பிள்ளையைச் சேர்க்கைப் பக்கத்தில் தேடிக் காணவில்லை என்று சோர்ந்துவிட வேண்டாம். உள்ளே பிறந்த குழந்தைக்குச் சேர்க்கை உத்தரவு தேவையில்லை என்பதால், பல சமயம் அது முதன்முதலில் தெரிவது தாயோடு வெளியேறும் நாளில்தான். வெளியேற்றம் எதிர்ப் பக்கத்திலோ தனிப் புத்தகத்திலோ இருக்கும். உள்ளே இருப்பவர்கள் சிறைவாசிகள் அல்ல. மூன்று மணி நேர முன்னறிவிப்புக் கொடுத்தால் போய்விடலாம், ஆனால் உடல் நலமுள்ள தாயோ தந்தையோ போகும்போது பிள்ளைகளையும் கூடவே அழைத்துப் போக வேண்டும். அதனால் ஒரே குடும்பம் ஓர் ஆண்டில் பல தடவை உள்ளே போய் வெளியே வந்திருக்கும். ஒரு பதிவு கிடைத்ததும் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு சேர்க்கையிலும் கடைசியாக இருந்த தெரு, கூட வந்த பிள்ளைகள் என்று புதிதாக ஏதாவது ஒன்று இருக்கும்.

1869 முதல் இன்னொரு புத்தகம் துணைக்கு வருகிறது: மதப் பதிவேடு, ‘கிரீட் ரெஜிஸ்டர்’ என்பார்கள். ஒவ்வொருவரும் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று பாதிரியார்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. நமக்கு அதன் பயன் வேறு. அது குடும்பப்பெயரின் முதலெழுத்துப்படி அடுக்கப்பட்டது, பல இடங்களில் உறவினர் பெயரும் முகவரியும் எழுதியிருப்பார்கள். உங்கள் முப்பாட்டனாருக்கு ஐந்து வயதான பிறகு நடந்தவற்றை அதில் தொடங்கி, நாள் கிடைத்ததும் சேர்க்கைப் பதிவேட்டுக்குப் போங்கள். அரையாண்டுக்கு ஒருமுறை தயாரான ‘இன்டோர் ரிலீஃப் லிஸ்ட்’ என்ற பட்டியலும் முதலெழுத்து வரிசையில் இருக்கும். யார் எத்தனை நாள் உள்ளே இருந்தார்கள் என்ற கணக்கு அது. ஆண்டுக்கணக்கில் வெளியே போகாமல் இருந்தவர்களுக்குப் புதிய சேர்க்கைப் பதிவே இருக்காது, அவர்களை இந்தப் பட்டியலில்தான் பிடிக்க முடியும். 1861இல் நாடாளுமன்றம் ஐந்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து வொர்க்ஹவுஸில் இருந்த பெரியவர்களின் பெயர்களையும் காரணங்களையும் யூனியன் வாரியாக அச்சிட்டது, அதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம்.

ஆனால் எல்லாப் புத்தகங்களிலும் எனக்கு உயர்வாகத் தோன்றுவது ‘செட்டில்மென்ட்’ விசாரணைத் தாள்கள். ஓர் ஏழைக்கு எந்த ஊர் சோறு போட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைச் சண்டை. பிறப்பு, தந்தையின் ஊர், பெண்ணுக்குக் கணவனின் ஊர், தொழில் பழகிய ஊர், ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு வாடகை கொடுத்து இருந்த ஊர் என்று பல வழிகளில் ஓர் ஊரிடம் உதவி பெறும் உரிமை வரும், அதற்குத்தான் செட்டில்மென்ட் என்று பெயர். தங்கள் ஊருக்குச் சேராதவர் என்று தோன்றினால் கார்டியன்ஸ் அவரை உட்கார வைத்து வாழ்க்கை முழுவதையும் கேட்டு எழுதிக்கொள்வார்கள். எங்கே பிறந்தாய், அப்பா யார், எந்த வீட்டில் எத்தனை நாள் வேலை செய்தாய், எந்தத் தேவாலயத்தில் கல்யாணம், பிள்ளைகள் பெயர், வயது என்ன, எந்தத் தெருவில் எவ்வளவு வாடகை என்று எல்லாம் வரும். எழுத்தறியாத ஒரு பெண்ணின் வாழ்க்கை அவள் வாய்மொழியாகவே எழுதப்பட்டிருக்கும் ஒரே இடம் பெரும்பாலும் இதுதான். 1846 முதல் ஐந்து ஆண்டு, 1861 முதல் மூன்று ஆண்டு, 1865 முதல் ஓராண்டு ஓரிடத்தில் இருந்தவரை அவர் செட்டில்மென்ட் ஊருக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்று சட்டம் தளர்ந்துகொண்டே வந்தது. ஆனாலும் லண்டனில் அடிக்கடி வாடகை வீடு மாறிய ஏழைகளுக்கு ஓராண்டு என்பதே பெரிய காலம், எனவே விசாரணைகள் நின்றுவிடவில்லை. இந்தத் தாள்களும் ஆன்செஸ்ட்ரியில் லண்டன் ஏழையர் சட்டத் தொகுப்பில் கணிசமாக இருக்கின்றன. தாயின் பெயர் தெரிந்ததும் லாம்பெத்தில் மட்டுமல்லாமல் பக்கத்து சதர்க், நியூயிங்டன், கேம்பர்வெல் ஆகியவற்றிலும் தேடுங்கள்.

பக்கத்து யூனியன்களை விடக் கூடாது என்பதற்கு உலகறிந்த சான்று சார்லி சாப்ளின் குடும்பம். 1896இல் தாய் ஹன்னாவும் இரண்டு பையன்களும் போனது நியூயிங்டன் வொர்க்ஹவுஸுக்கு. பையன்கள் அங்கிருந்து ஹான்வெல்லில் இருந்த மாவட்டப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள், அண்ணன் சிட்னி அங்கிருந்து ‘எக்ஸ்மவுத்’ என்ற பயிற்சிக் கப்பலுக்குப் போனார். 1898இல் அதே குடும்பம் லாம்பெத் வொர்க்ஹவுஸில், பையன்கள் நார்வுட் பள்ளியில். அதே ஆண்டு தாய் கேன் ஹில் மனநல விடுதியில். இரண்டே ஆண்டில் ஒரு குடும்பம் ஐந்தாறு நிறுவனங்களின் புத்தகங்களில் சிதறிக் கிடக்கிறது. லாம்பெத் பதிவேட்டை மட்டும் பார்த்தவருக்கு முதல் பாதி கண்ணிலேயே படாது.

உங்கள் முப்பாட்டனார் பேண்ட் வாத்தியக்காரர் என்றீர்கள் அல்லவா, அந்த ஒரு தகவல் குடும்பக் கதைக்கு நல்ல பலம். வொர்க்ஹவுஸ் பிள்ளைகளை வளர்த்த பெரிய பள்ளிகள் பலவற்றில் பித்தளை வாத்தியக் குழு இருந்தது. படைப்பிரிவுகளின் பேண்டுக்குப் பதினான்கு வயது வாக்கில் பையன்களை நேராக அங்கிருந்தே எடுத்துக்கொள்வது வழக்கம். 1871 ஏப்ரல் 2 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவருக்கு ஏழு வயது இருக்கும். லாம்பெத் வொர்க்ஹவுஸிலும், லாம்பெத் தன் பிள்ளைகளை அனுப்பிய நார்வுட் பள்ளியிலும் அந்த நாள் பட்டியலைத் தேடுங்கள். பெரிய விடுதிகளை வட்டத்தின் வீடுகள் எல்லாம் முடிந்த பிறகு, தனித் தாள்களில் கடைசியாக எழுதியிருப்பார்கள். பிறகு பள்ளியின் வெளியேற்றப் பதிவேடு. எந்த நாளில், எந்தப் படைப்பிரிவின் பேண்டுக்குப் போனான் என்று அதில் எழுதியிருந்து, அந்த நாளும் படைத் தாளில் சேர்ந்த நாளும் ஒத்துப்போனால் விஷயம் முடிந்தது. போத்தனூரையும் லாம்பெத்தையும் இணைக்கும் கயிறு அதுதான். பெயர் ஒற்றுமை எத்தனை வந்தாலும் அந்த ஒரு பொருத்தத்துக்கு ஈடாகாது.

இனி தாயார் ‘ஆஸ்பத்திரியில் இறந்தார்’ என்பது. அக்கால லண்டனில் இந்தச் சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு இடங்கள் அடங்கும், நான்குக்கும் நான்கு வகைப் பதிவேடுகள். கைஸ், செயின்ட் தாமஸ் போன்ற தர்ம ஆஸ்பத்திரிகள் ஒரு வகை. இத்தகைய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் நன்கொடையாளர் தந்த சிபாரிசுக் கடிதம் கேட்பார்கள், நாள்பட்ட நோய், தொற்றுநோய், பிரசவம் ஆகியவற்றைத் தவிர்ப்பார்கள், விபத்துக் கேஸ்களை உடனே எடுப்பார்கள். ஆகவே காசநோயில் மெல்ல மெல்லத் தேய்ந்த ஓர் ஏழைப் பெண் அங்கே படுத்திருந்திருக்க வாய்ப்புக் குறைவு. அவர் இறந்தது வொர்க்ஹவுஸின் இன்ஃபர்மரி என்ற நோயாளிப் பிரிவில் இருக்கும். 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு லண்டனில் இவை வொர்க்ஹவுஸிலிருந்து பிரிந்து தனிக் கட்டடங்களாயின, அவற்றுக்குத் தனிச் சேர்க்கைப் பதிவேடும் வந்தது. மூன்றாவது, அதே சட்டத்தால் உருவான மெட்ரோபாலிட்டன் அசைலம்ஸ் போர்டின் காய்ச்சல், பெரியம்மை ஆஸ்பத்திரிகள். லாம்பெத் பாரிஷிலேயே ஸ்டாக்வெல்லில் ஒன்று இருந்தது. நான்காவது மனநல விடுதி. 1870களில் லாம்பெத் சர்ரேயில் இருந்ததால், அங்கிருந்து மனநோயாளிகள் வாண்ட்ஸ்வொர்த்தில் இருந்த சர்ரே விடுதிக்கோ, 1867இல் திறந்த புரூக்வுட் விடுதிக்கோ போயிருப்பார்கள். புரூக்வுட் பதிவேடுகள் வோக்கிங் நகரில் சர்ரே ஹிஸ்டரி சென்டரில் இருக்கின்றன.

எந்த வகை என்று ஊகிக்க வேண்டியதில்லை, இறப்புச் சான்றிதழ் சொல்லிவிடும். இறப்பு நடந்த இடத்து வட்டத்தில்தான் பதிவாகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. லாம்பெத்தில் வாழ்ந்தவர் கைஸ் ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு சதர்க் பக்கம் இருக்கும். புரூக்வுட்டில் இறந்தால் லண்டனை விட்டே வெளியே போய்விடும். வட்டத்தை லாம்பெத் என்று பூட்டி வைத்துத் தேடிவிட்டு ‘இறப்புப் பதிவே இல்லை’ என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. மனநல விடுதி என்று சந்தேகம் இருந்தால், தேசிய ஆவணக் காப்பகத்தின் எம்எச் 94 வரிசை இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்குமான நோயாளிச் சேர்க்கைப் பட்டியல். 1846 முதல் 1912 வரையிலான பகுதி ஆன்செஸ்ட்ரியில் இருக்கிறது. பெயர், எந்த விடுதி, சேர்ந்த நாள், வெளியேறிய அல்லது இறந்த நாள் என்ற அளவில்தான் அது சொல்லும். அங்கிருந்து விடுதியின் கேஸ் புத்தகத்துக்குப் போக வேண்டும். அதில் உடல்நிலை, பேச்சு, குடும்பத்தார் சொன்ன காரணம், சில விடுதிகளில் புகைப்படம்கூட இருக்கும். வேறொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் மனநலம் குன்றி இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, அரசு ஊழியர்களும் படையினரும் ஹாக்னியில் பெம்ப்ரோக் ஹவுஸிலும், 1870 முதல் 1892 வரை ஈலிங்கில் ராயல் இந்தியா அசைலத்திலும் வைக்கப்பட்டார்கள். அந்தப் பதிவேடுகள் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன. மதராஸிலிருந்து திடீரென்று மறைந்துபோன முன்னோர் இருக்கும் குடும்பங்கள் அங்கே பார்க்கலாம்.

எந்த ஆஸ்பத்திரியின் தாள் எந்தக் காப்பகத்தில் என்பதற்கு, வெல்கம் நூலகமும் தேசிய ஆவணக் காப்பகமும் சேர்ந்து தயாரித்த ஹாஸ்பிடல் ரெக்கார்ட்ஸ் டேட்டாபேஸ் இருக்கிறது. 2,800க்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் அதில் அடக்கம். 2012க்குப் பிறகு அதைப் புதுப்பிக்கவில்லை, ஆகவே அது காட்டும் காப்பகத்தின் இன்றைய பட்டியலையும் சரிபாருங்கள். அதில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நேரே ஆவணங்கள் இருப்பதாகக் காட்டினால் அது நிர்வாகக் கணக்குகளாக மட்டும்கூட இருக்கலாம். நிர்வாகம், நிதி, நோயாளி என்று பிரித்து ஆண்டும் கொடுத்திருப்பார்கள், நோயாளி என்ற பகுதியைத்தான் பார்க்க வேண்டும். நோயாளிப் பதிவேடுகளை வழக்கமாக நூறு ஆண்டுக்குத் திறப்பதில்லை, நீங்கள் தேடும் காலத்துக்கு அந்தத் தடை இல்லை. குழந்தை நோயாளியைத் தேடுகிறவர்களுக்கு, கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரியின் 1852 முதல் 1914 வரையிலான சேர்க்கைகள் தனித் திட்டமாகவே எண்ணியலாக்கப்பட்டிருக்கின்றன.

அடக்கம் செய்த இடத்தையும் தேடுவீர்கள். உறவினர் கேட்டு வராத உடலைப் போர்டு தன் செலவில் புதைத்தது, தென் லண்டன் பாரிஷ்கள் பல 1854இல் திறந்த புரூக்வுட் கல்லறைத் தோட்டத்துக்கு ரயிலில் அனுப்பின. 1832ஆம் ஆண்டு உடற்கூறு சட்டப்படி, யாரும் உரிமை கோராத உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கவும் முடியும். அப்படிப் போயிருந்தால் இறந்த நாளுக்கும் அடக்க நாளுக்கும் நடுவே பல வாரங்கள் இருக்கும். நாள் ஒத்துவரவில்லை என்று சரியான பதிவையே தள்ளிவிடாதீர்கள். தனிக் கல்லறையோ பெயர்ப் பலகையோ பெரும்பாலும் இருக்காது.

எதை எவ்வளவு நம்பலாம்? சேர்ந்த நாள், வெளியேறிய நாள், இறந்த நாள் இவை உறுதி. போர்டின் பணக்கணக்கு அவற்றின் மேல்தான் நின்றது. யார் செலவை ஏற்றார்கள் என்பதும் அப்படியே. வயது, குடும்பப்பெயரின் எழுத்துக்கூட்டு, மணமானவரா என்பது இவையெல்லாம் வாயால் சொன்னதைக் கேட்டு எழுதியவை. சேர்ந்து வாழ்ந்தவனின் பெயரைத் தன் பெயராகச் சொன்ன பெண்கள் ஏராளம், அதே பெண் அடுத்த முறை பிறந்தகத்துப் பெயரில் வந்திருப்பார். மதம்கூடச் சில சமயம் மாறும். ‘பலவீனம்’, ‘நீர்க்கோவை’ என்பவை நோய்ப் பெயர்கள் அல்ல, வெளியே தெரிந்த நிலைதான். ‘தைசிஸ்’ என்றிருந்தால் அது காசநோய். பரங்கிமலைத் திருமணப் பதிவில் இருக்கும் தந்தை பெயரை மிகவும் எச்சரிக்கையோடு கையாளுங்கள். தந்தை பெயர் தெரியாமல் வளர்ந்தவர்கள் அந்தப் பத்தியைக் காலியாக விட வெட்கப்பட்டு, தாய்வழிப் பாட்டனார் பெயரையோ தன் பெயரையோ தந்தைக்கும் கொடுப்பது வெகு சகஜம். உண்மையான தந்தையைத் தாளில் கண்டுபிடிக்க ஒரு வழி, தாய் ஜீவனாம்சம் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் போயிருந்தால் அந்த உத்தரவு. 1844 முதல் தாயே நேரடியாகக் கேட்கலாம் என்றானது, ஆனால் அந்தத் தாள்கள் தங்கியது குறைவு. பல குடும்பங்களில் தந்தைவழி அதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் டிஎன்ஏ ஒப்பீடு மட்டுமே பேசும்.

பெயரும் வயதும் மட்டும் ஒத்துப்போனால் அதைக் கிடைத்துவிட்டதாகக் கருத வேண்டாம். இரண்டு தனித்தனி ஆவணங்கள், ஒன்றிலிருந்து ஒன்று நகலெடுக்காதவை, பெயர் அல்லாத ஒரு விவரத்தில் ஒத்துப்போக வேண்டும்: தெரு, தாய் பெயர், சகோதரன், படையில் சேர்ந்த நாள், இப்படி ஏதாவது ஒன்று. போட்டியாளர்களை ஒழிப்பதும் முக்கியமான வேலை. அதே பெயரில் லாம்பெத்தில் பிறந்த மற்றொரு பையன் 1891 கணக்கெடுப்பில் லண்டனிலேயே தச்சராக இருந்தால் அவர் உங்கள் ஆள் அல்ல, ஏனென்றால் உங்களவர் அப்போது இந்தியாவில் இருக்கிறார். இப்படி ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வாருங்கள். தேடிக் கிடைக்காததையும் புத்தகத்தின் பெயர், ஆண்டு, எந்தப் படம் முதல் எந்தப் படம் வரை பார்த்தீர்கள் என்பதோடு எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அதே பக்கங்களை மறுபடி திருப்புவீர்கள்.

செலவைப் பற்றி: ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் இரண்டும் கட்டணத் தளங்கள். முதலில் இலவசமானவற்றை முடியுங்கள், அதாவது ரெஜிஸ்டர் ஆபீஸ் அட்டவணை, ஃபேமிலிசர்ச் தளம், காப்பகங்களின் பட்டியல்கள், இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தேடுதளம். பிறகு என்னென்ன புத்தகங்களைத் திறக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஒரே மாதச் சந்தா வாங்கி உட்காருங்கள். எண்ணியலாகாத புத்தகத்துக்குக் காப்பகத்திடம் நகல் கேட்கலாம், ஆனால் அங்கே ‘இந்தப் பெயர் இருக்கிறதா’ என்று கேட்டால் தேடல் கட்டணம் ஏறும். புத்தக எண்ணும் நாளும் கொடுத்து அந்தப் பக்கத்தை மட்டும் கேளுங்கள். போர்டுகளுக்கும் லண்டனில் இருந்த ஏழையர் சட்டத் தலைமை அலுவலகத்துக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து எம்எச் 12 என்ற வரிசையில் 1834 முதல் 1900 வரை இருக்கிறது. அதில் சாதாரண ஏழைகளின் பெயர் வருவது அரிது, புகார், விசாரணை, சந்தேக மரணம் இருந்தால் வரும். கடைசி முயற்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்து முன்னோர் உள்ளவர்களுக்கு இந்தப் படிகள் அப்படியே பொருந்தாது. அங்கே 1845ஆம் ஆண்டின் தனிச் சட்டம், தனிப் பதிவேடுகள். கிளாஸ்கோ நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கும் உதவி விண்ணப்பங்களில் விண்ணப்பித்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த ஊர், பிள்ளைகள் வரை இருக்கும். லண்டன்காரர்களுக்கு அவ்வளவு விவரம் செட்டில்மென்ட் தாள்களில்தான் கிடைக்கும்.

உங்கள் அடுத்த பதிவில் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: படைப்பிரிவின் பெயரும் அதில் சேர்ந்த நாளும், சேரும்போது எழுதிய வயது, நெருங்கிய உறவினர் பத்தியில் இருப்பது. முழுப் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம், முதலெழுத்துப் போதும். சேர்ந்த நாள் தெரிந்தால் நார்வுட் பள்ளிப் பதிவேட்டில் எந்த ஆண்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குவது என்று சொல்லிவிடலாம்.